தறிக்குழியிலிருந்து எழுந்திருத்தல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், எழுபத்தாறு பிராயம் நிரம்பிய நெசவாளர் ஒருவர் மாலை வேளையில் தறியை விட்டு எழுவதைச் சென்ற ஆண்டு நான் அருகிலிருந்து பார்த்தேன். காலை முதல் நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓட்டி, ஊடையிழையை நெருக்கும் பண்ணையைத் தம் பக்கம் இழுத்து அடித்து, குழிக்குள் தொங்கிய கால்களால் மிதிகளை மாறி மாறி மிதித்து வந்த அவருடைய கைகளில் அப்போதும் சிறிதும் நடுக்கமில்லை. பாவில் ஓர் இழை அறுந்ததைக் கண்ட மாத்திரத்தில் அதைப் பற்றி முடிச்சிட்ட விரல்களில் இருபது வயது வாலிபனுடைய லாவகம் இருந்தது. ஆனால் விளக்கு வைக்கும் நேரமாயிற்று என்று நெசவை நிறுத்தியதும், அவர் முதலில் பின்புறமாகச் சற்று நகர்ந்தார். இரண்டு கைகளாலும் வலக்காலைத் தூக்கிக் குழிக்கு வெளியே வைத்தார். அவ்வாறே இடக்காலையும் எடுத்து வைத்தார். இரு உள்ளங்கைகளையும் தரையில் அழுந்த ஊன்றி முழங்கால்களின்மேல் வந்து, தறியின் காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி அங்கேயே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து பேரன் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிய பிறகே அவரால் நிமிர முடிந்தது. என்னைப் பார்த்து அவர் சொன்னார்: "நெய்யறதுக்குத் தெம்பு இருக்கு தம்பி, எழுந்திருக்கத்தான் ஆள் தேவைப்படுது."

ஒரே தேகத்தில், ஒரே இரத்தம் பாய்ந்து, ஒரே சோற்றை உண்டு வளர்ந்த அவயவங்களுள், கை மட்டும் இளமையோடிருக்கத் தொடை மட்டும் கிழப்பருவம் எய்துவது எவ்வாறு? முதுமை என்பது உடம்பு முழுவதையும் ஒரே அளவாக அரித்துக்கொண்டு வரும் ஒரு க்ஷயம் என்று நாம் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்புச் சரியாயின் இந்தப் பெரியவருடைய விரல்களும் அல்லவா தளர்ந்திருக்க வேண்டும்? அறுபது ஆண்டுக் காலம் ஓயாமல் உழைத்த ஒருவரே எழுந்திருக்கப் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கிறதென்றால், உழைப்பு என்று நாம் சொல்லுவதும், தசையைக் காப்பாற்றும் அப்பியாசம் என்று உடற்கூற்று நூலார் சொல்லுவதும் ஒன்றுதானா என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

மனிதன் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளுகிறானா அல்லது பராதீனனாய்விட்டானா என்பதை அளப்பதற்கு, 1963ஆம் ஆண்டில் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு முறை வகுத்தார்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்தும் ஆசனத்திலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறு காரியங்களையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டார்கள். பெரிய நோயில் விழுந்து மீண்டு வருகிறவர்கள் இந்த ஆற்றல்களைத் திரும்பப் பெறும் வரிசை, குழந்தை அவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையைப் பெரிதும் ஒத்திருப்பதையும் கண்டு எழுதினார்கள். இந்த ஆறனுள்ளும் எழுந்து இடம் மாறுதல் என்பதைத்தான் நான் மூலாதாரமாகக் கருதுகிறேன். எழ முடியாதவர் கழிப்பறைக்குத் தாமாகப் போக முடியாது. போக முடியாதவர் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும், அடக்க முடியாதபோது அவமானப்பட வேண்டும். அந்த அவமானத்துக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் வயோதிகர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய மருமகள்மார்கள் அறிவார்கள்.

தசை என்பது நெசவூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய வஸ்துவே. ஏனெனில் அதுவும் இழைகளாலானது. ஒவ்வொரு தசைநாரின் உள்ளேயும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் ஒன்றினிடையே ஒன்று கோத்தாற்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் தாம் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுகி உட்புகுகின்றன என்பதை 1954ஆம் ஆண்டில் ஒருவருக்கொருவர் உறவினரல்லாத ஹக்ஸ்லிகள் இருவர், தனித்தனிக் கூட்டாளிகளோடு, ஏககாலத்தில் வெளியிட்டார்கள். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் கொல்லாஜன் என்ற புரதத்தாலானது. அது மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கியது போன்ற அமைப்புடையது என்ற உண்மையை அதே 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்கு அறிவித்தார்கள் என்பதை, காஞ்சிக்கு இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் நிகழ்ந்த காரியமாதலால், இங்கே நன்றியோடு குறிப்பிடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி முதுமையில் நிகழ்வதைப் பார்ப்போம். தசைநார்கள் தாமாக அசைவதில்லை. முதுகுத்தண்டிலுள்ள ஒரு நரம்பணு தன் கிளைகளால் பல நூறு நார்களைப் பற்றிக்கொண்டு அவற்றையெல்லாம் ஒருங்கே ஏவுகிறது. அறுபது வயதுக்கு மேல் இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்குகின்றன. அவ்வாறு நாதனற்றுப்போன நார்களை, அருகிலுள்ள நரம்பணு புதிய தளிர் விட்டுத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது. பாவு தீர்ந்துபோன தறியில், பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியையும் புதிய பாவின் இழை நுனியோடு சேர்த்து விரலால் திரித்துப் பிணைக்கிறார்களே, ஏறக்குறைய அதைப் போன்ற பொறுமையான காரியம் அது. பிணைக்கப்பட்ட நார் பிழைக்கிறது. பிணைக்கப்படாதது மெலிந்து, அது இருந்த இடத்தில் கொழுப்பும் நாரிழையமும் வந்து நிரம்புகின்றன. முப்பது வயதுக்குப் பின் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்கு மேல் இந்தக் குறைவு விரைவுபடுகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது, தசையின் அளவு குறைவதைவிடத் தசையின் பலம் இன்னும் வேகமாகக் குறைகிறது என்பதாகும். ஆகையால் தொடையின் பருமனைக் கண்டு ஏமாறலாகாது.

நார்களிலும் இரு வகை உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைப்பின்றி உழைப்பவை ஒரு வகை. விரைந்து சுருங்கி மிகுந்த வலிமையைக் கொடுத்துச் சீக்கிரம் ஓய்ந்துபோகிறவை மற்றொரு வகை. நடப்பது, நிற்பது, மிதியை மிதிப்பது முதலிய காரியங்கள் முதல் வகையால் நடைபெறுகின்றன. தரையிலிருந்து உந்தி எழுவது, பஸ்ஸின் உயரமான படியில் ஏறுவது, கால் இடறியபோது மற்றக் காலை வெடுக்கென்று முன்னே வைத்து விழாமல் தப்புவது ஆகியவற்றுக்கு இரண்டாம் வகை வேண்டும். முதுமை முதலில் கைவைப்பது இந்த இரண்டாம் வகையிலேதான். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், எனக்கு என்ன குறை என்று கேட்கும் அன்பர்கள் இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசிக்க வேண்டும். நடை இருதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆயினும் எழுந்திருக்கும் வலிமையை நடை மட்டும் காப்பாற்றித் தராது.

இப்போது நம் நெசவாளரிடம் திரும்புவோம். குழித்தறியில் அமர்ந்தவருக்கு நாள் முழுவதும் முன்கை உழைக்கிறது, விரல் உழைக்கிறது, தோள் உழைக்கிறது, கணுக்காலும் கெண்டைக்காலும் ஓரளவு உழைக்கின்றன. ஆனால் அவருடைய சரீரத்தின் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருப்பது குழியின் விளிம்பேயன்றி அவருடைய தொடையன்று. தொடையின் முன்புறத்துப் பெருந்தசையும் பிட்டத்துத் தசையும் காலை முதல் மாலை வரை சும்மா கிடக்கின்றன. தசை எங்கே சுமக்கிறதோ அங்கே நிலைக்கிறது, எங்கே சுமக்கவில்லையோ அங்கே கரைகிறது. ஓர் அவயவம் பட்ட பாட்டுக்கு மற்றோர் அவயவம் கூலி பெறுவதில்லை. உழைப்பாளிக்கு உடற்பயிற்சி எதற்கு என்று நாம் கேட்பதிலுள்ள பிழை இதுதான்: தொழில் தனக்கு வேண்டிய தசையை மட்டும் வளர்த்துக்கொள்ளுகிறது, எழுந்து நடமாட மனிதனுக்கு வேண்டிய தசையைப் பற்றித் தொழிலுக்குக் கவலையில்லை.

இந்தத் தசைக்குறைவுக்கு 'சார்கோபீனியா' என்ற பெயரை 1988ஆம் ஆண்டு இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் முன்மொழிந்தார். சதை என்றும் குறைவு என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பெயர் கிடைத்த பிறகே மருத்துவ உலகம் இதை மூப்பின் இயல்பு என்று தள்ளிவிடாமல், கண்டுபிடிக்கவும் தடுக்கவும் கூடிய ஒரு நிலையாகப் பார்க்கத் தொடங்கிற்று. ஆசிய மக்களுக்கென்று நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட வரையறையின்படி, கைப்பிடியின் வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தாலும், கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும், சாதாரண நடையின் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்தாலும் எச்சரிக்கை கொள்ள வேண்டும். கைப்பிடிச் சோதனை அற்பமானதன்று. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, பிடியின் வலிமை ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரண அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்ததைக் கண்டது. எனினும் காஞ்சிபுரத்து நெசவாளருடைய கையை மட்டும் பிடித்துப் பார்த்து அவர் உடம்பை நிதானிக்கப் புகுவது தவறாக முடியும் என்பதே என் அபிப்பிராயம். அவரை நாற்காலியில் உட்காரவைத்து எழச் சொல்ல வேண்டும்.

தசையைக் கரைப்பதில் படுக்கைக்கு இணையான பொருள் வேறில்லை. ஆரோக்கியமாயிருந்த, சராசரி 67 வயதுடைய பன்னிருவரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தவர்கள், அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோனதைக் கண்டு 2007இல் எழுதினார்கள். அவர்களுக்கு நோய் எதுவுமில்லை, போதிய உணவும் கிடைத்தது. படுத்திருந்தது ஒன்றே அவர்கள் செய்தது. அப்படியானால் காய்ச்சலிலும் அறுவை சிகிச்சையிலும் படுத்துவிட்ட நம் தாய் தந்தையருக்கு, மருத்துவர் எழலாமென்று சொல்லிய பின்னரும் இன்னும் பத்து நாள் படுத்திருக்கட்டும் என்று நாம் அன்பினால் விதிக்கும் ஓய்வு என்ன செய்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நான் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை, பெரும்பாலும் அவர்களை உட்கார வைப்பதாகவே இருக்கிறது. "நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துக்கிட்டு வரேன்" என்று மகன் சொல்லுகிறான். "உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த வேலை" என்று மருமகள் குடத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுகிறாள். தண்ணீர்ச் செம்பு கட்டிலுக்கே வருகிறது, தட்டு நாற்காலிக்கே வருகிறது. ஒரு நாளைக்கு முப்பது முறை எழுந்தவர் பத்து முறை எழுகிறார், பிறகு ஐந்து முறை எழுகிறார், ஒரு நாள் எழ முயன்று முடியாமற்போகிறது. அன்பின் காரணமாகவே நிகழ்கிற இந்த நஷ்டத்தை யார்மேலும் குற்றமாகச் சுமத்த நான் விரும்பவில்லை. என் தாயார் விஷயத்தில் நானும் இதையே செய்தேன். அவள் கடைசி இரண்டு வருஷம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கேட்குமுன்பே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான் என்பது இன்றும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

போனது திரும்புமா? திரும்பும் என்று நிரூபித்த பரிசோதனை ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் முதுமையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் நம்பிக்கையின்மைக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் மெலிந்தவர்கள், பல நோய்களுடையவர்கள், தடி ஊன்றி நடக்கிறவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி கையைக் காலை மெல்ல ஆட்டும் விளையாட்டுப் பயிற்சியன்று. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச பாரம் எவ்வளவோ அதில் 80 விழுக்காட்டுப் பாரத்தை, முழங்காலை நீட்டித் தொடைத்தசையால் எட்டு எட்டு முறையாக மூன்று சுற்றுத் தூக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். பலம் கூடக் கூடப் பாரமும் கூடும். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சியை முடித்த ஒன்பது பேருடைய தொடைவலிமை சராசரியாக 174 விழுக்காடு பெருகியிருந்தது. தொடையின் நடுப்பகுதித் தசை 9 விழுக்காடு வளர்ந்திருந்தது. இருவர் தடியை விட்டு நடந்தார்கள். 1990இல் இது வெளிவந்தபோது, தொண்ணூறு வயதில் தசை வளருமென்பதை எதிர்பாராத வைத்திய உலகம் பெரிதும் வியந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பெற்ற வலிமையில் மூன்றில் ஒரு பங்களவு போயிற்று என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் கூறுகிறது.

தசை வளர்ந்தது 9 விழுக்காடு, வலிமை பெருகியதோ 174 விழுக்காடு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்று கூர்ந்து வாசிப்பவர் கேட்கக்கூடும். முதல் சில வாரங்களில் வளர்கிறது தசையன்று, நரம்பின் ஆட்சி. உறங்கிக்கொண்டிருந்த நார்களைக்கூட எழுப்பி, ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க நரம்பு மறுபடியும் கற்றுக்கொள்ளுகிறது. தசை வளர்வது அதற்குப் பிறகு. ஒவ்வொரு நாரின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு உறங்கும் துணையணுக்களை 1961இல் அலெக்சாண்டர் மாரோ என்பவர் கண்டறிந்தார். பாரத்தால் நாரில் ஏற்படும் நுண்ணிய சிதைவு அந்த அணுக்களை எழுப்ப, அவை பெருகி நாரோடு இணைந்து அதைச் செப்பனிடுகின்றன. முதுமையில் அவை எண்ணிக்கையில் குறைகின்றன, ஆயினும் அற்றுப்போவதில்லை.

அதே மருத்துவர் நூறு பேரை வைத்துச் செய்து 1994இல் வெளியிட்ட இரண்டாவது ஆராய்ச்சியிலிருந்து மற்றோர் உண்மை தெரிந்தது. பயிற்சி பெற்றவர்களின் வலிமை பத்து வாரத்தில் 113 விழுக்காடு கூடிற்று. பயிற்சியின்றி ஊட்ட உணவு மட்டும் பெற்றவர்களுக்கு வலிமை கூடவில்லை. டப்பாவிலடைத்த சத்துமாவுகளை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணுகிற பிள்ளைகள் இதை மனத்திற்கொள்ள வேண்டும். சத்து என்பது கட்டடத்துக்குச் செங்கல் போன்றது. கட்டச் சொல்லும் உத்தரவு பாரத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் செங்கலும் வேண்டும். உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் ஆற்றல் முதுமையில் மந்தப்படுவதால், முதியவருக்கு இளைஞனைவிட அதிகப் புரதம் தேவையென்பதே இன்றைய நிபுணர் பலருடைய முடிவு: உடம்பின் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். வயதானால் வயிறு சுருங்கிவிடும் என்று சொல்லி, இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தில் இந்த அளவு எட்டாது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோவிலில் நிவேதனமாகும் குடலை இட்லியில் உளுந்தோடு மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்துப் பக்குவப்படுத்திய நம் முன்னோர் அரிசியையும் பருப்பையும் பிரித்து வைக்கவில்லை. நூறு கிராம் உளுந்தில் சுமார் 24 கிராமும், கொண்டைக்கடலையில் 20 கிராமும், வேர்க்கடலையில் 25 கிராமும் புரதம் இருக்கின்றன. ஒரு முட்டையில் 6 கிராம். மூன்று வேளையும் ஒவ்வொரு வேளையிலும் இவற்றில் ஏதாவதொன்று கணிசமாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவை மீறலாகாது. வெயில் படாத தறிக்கூடத்திலேயே பகல் கழிக்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறைவதும் தசையை நலியச் செய்யும் என்பதை இதோடு சேர்த்து அறிக.

பயிற்சிக்கு இயந்திரம் வேண்டியதில்லை. சுவரோரமாகப் போட்ட, நகராத நாற்காலி ஒன்று போதும். பாதங்களைச் சற்று உள்ளிழுத்து வைத்து, உடலை முன்னே சாய்த்து, கைகொடாமல் எழுந்து, பிறகு தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் மெல்ல மெல்ல உட்கார வேண்டும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறதாதலால், அந்த மெதுவான இறக்கத்தில் விசேஷப் பயன் உண்டு. எழவே முடியாதவர் நாற்காலியின்மேல் தலையணை போட்டு உயர்த்திக்கொண்டு தொடங்கலாம். எட்டு முறை எழுவது எளிதாகிவிட்டால் தலையணையை எடுத்துவிட வேண்டும். அதுவும் எளிதானால் கையில் ஒரு செம்புத் தண்ணீரையோ சிறு குடத்தையோ ஏந்திக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும், இல்லையேல் பயனில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துவதும், ஒற்றைக்காலில் சில வினாடி நிற்பதும், படியேறுவதும் இதற்குத் துணை. மூச்சை அடக்கிக்கொண்டு எழலாகாது; இருதய நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும்; மூட்டுத் தேய்ந்தவர் உயரமான ஆசனத்தோடு நின்றுகொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், 65 வயதுக்கு மேல் மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியிருக்கிறது.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. தறியிலே புருஷன் அமர்ந்திருக்க, திண்ணையிலே இராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றுகிறவள் மனைவி. ஆணைக்காட்டிலும் குறைந்த தசையோடு வாழ்க்கையைத் தொடங்கி, மாதவிடாய் நின்றபின் எலும்பும் மெலியப் பெற்று, ஆணைக்காட்டிலும் அதிக ஆண்டுகள் ஜீவித்து, அந்த ஆண்டுகளில் பலவற்றைக் கணவன் துணையுமின்றிக் கழிக்கிறவள் அவளேயாதலால், பலத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் அவசியம் அவளுக்கே அதிகம். பலம் கூட்டும் பயிற்சி என்றால் ஆண்பிள்ளைகள் விஷயம் என்று அவளிடம் இத்தனை காலமும் சொல்லிவந்தது பெரிய அநியாயம்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறவன் காஞ்சிப் பெரியவரை நினையாமலிருக்க முடியாது. 1894இல் பிறந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், எண்பத்து நான்கு வயதை ஒட்டிய பருவத்தில், 1978இல் கால்நடையாக யாத்திரை புறப்பட்டுக் கர்நாடகத்தையும் மகாராஷ்டிரத்தையும் நடந்தே கண்டு, சில ஆண்டுகள் கழித்தே காஞ்சிக்குத் திரும்பினார். 1994 ஜனவரியில் நூற்றாண்டை எட்டும் நிலையில் சித்தியடைந்தார். ஒரு மகானுடைய ஜீவியத்தை வைத்து விஞ்ஞான விதி வகுக்கலாகாது என்பதை நான் மறக்கவில்லை. எனினும் தரையில் அமர்ந்து தரையிலிருந்து எழுவதே முறையான வாழ்க்கையை வாழ்கிறவருடைய தொடைகள், நாள்தோறும் எத்தனை முறை முழு உடம்பின் பாரத்தையும் அடிமட்டத்திலிருந்து தூக்கியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். பிரேசில் நாட்டில் கிளாடியோ அராவ்ஜோ என்ற மருத்துவரும் சகாக்களும் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொல்லி, கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் பத்து மதிப்பெண்ணிலிருந்து ஒன்றைக் குறைத்து, பின்பு சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் மரண அபாயம் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேலிருந்தது. எழ முடியாமையே மரணத்துக்குக் காரணம் என்பதன்று இதன் பொருள். உடம்பின் உள்நிலையைக் காட்டும் கண்ணாடி அது.

தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயது கடந்தவர்கள் 2021ஆம் ஆண்டுக் கணிப்பின்படி 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. முதியோர் மருத்துவத்தைத் தனித்துறையாக இந்நாட்டில் நிலைநிறுத்தப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. எஸ். நடராஜன், அதற்கான பட்டமேற்படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கிற்று. 2021 ஆகஸ்டில் ஆரம்பமான மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில், படுத்துவிட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. சிகிச்சையாளர் வருகிற நாளில் மட்டுமன்றி, வராத நாள்களிலும் அவர் கற்பித்ததைச் செய்யவைப்பது வீட்டாருடைய பொறுப்பு.

பிள்ளையார்பாளையத்துப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் நான் சொன்னபோது, அவர் முதலில் நம்பவில்லை. "தேஞ்சு போன நாடாவை யாராவது புதுசாக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். மரம் தேய்ந்தால் தேய்ந்ததுதான், சதை அப்படியன்று என்றேன். பேரன் தன் படிப்பு நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டான். முதல் நாள் இரண்டு தலையணையின்மேல் உட்கார்ந்து நான்கு முறை எழுந்தார். நான்கு மாதம் கழித்து நான் மறுபடி போயிருந்த அன்று, குழியிலிருந்து கால்களை எடுத்து வெளியே வைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றொரு கையைத் தறியின் காலில் வைத்துக்கொண்டு, பேரனைக் கூப்பிடாமல் தாமே எழுந்தார். கை ஊன்றாமல் எழ இன்னும் அவரால் முடியவில்லை. ஆனால் ஆள் தேவைப்படவில்லை.

எழுந்த கால்கள் ஏறவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். காஞ்சியில் அத்திகிரிமேல் எழுந்தருளியிருக்கும் வரதராஜப் பெருமாளைச் சேவிக்க 24 படிகள் ஏற வேண்டும். அக்கோவிலின் குளமாகிய அனந்தசரஸ் புஷ்கரிணியின் நீருக்குள்ளிருந்து அத்திமர மூர்த்தியாகிய அத்திவரதர் வெளிவந்து தரிசனம் கொடுத்தது 1979இலும், பின்பு 2019இலும். 2019இல் ஜூலை மாதம் முழுவதும் சயனக் கோலத்திலும், ஆகஸ்டு 1 முதல் 16 வரை நின்ற கோலத்திலும் சேவை சாதித்தார். நாற்பது ஆண்டுக்கொருமுறை என்னும் வழக்கப்படி அடுத்த தரிசனம் 2059இல். 2019இல் நாற்பது வயதில் வரிசையில் நின்று சேவித்தவர்களுக்கு அப்போது எண்பது வயதாகியிருக்கும். அன்பர்களே, அந்த வரிசையில் உங்கள் காலால் நீங்களே நிற்க வேண்டுமானால், இந்தக் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு, இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, கை ஊன்றாமல், ஐந்து முறை எழுந்து பாருங்கள்.